இருபத்தெட்டு ரூபாய் கொலைகாரன்

உங்க லேப்டாப்பை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பக்கவாட்டுல சிடி போடுற தட்டு இருக்கா? இருக்காது. எங்க கிளாஸ்ல போன வாரம் ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கேட்டேன். ஒரே ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. அதுவும் அவங்க அண்ணன் படிச்சப்போ வாங்கின லேப்டாப், சார்ஜரை ஒரு கோணத்துல பிடிச்சாத்தான் ஆன் ஆகும்.

எதுக்கு இந்தக் கணக்கெடுப்புன்னா, கடலூர் ஓ.டி.யில எங்க மாமா பல வருஷம் கேசட் கடை வச்சிருந்தார். முதல்ல விஎச்எஸ் கேசட் வாடகை, அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி, கடைசியா ரீசார்ஜ் கூப்பன், அதுக்கப்புறம் ஷட்டர். கடையில மிஞ்சினதெல்லாம் ஏழு அட்டைப்பெட்டியில மாடி ரூம்ல கிடக்கு. இப்போ வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க. "மாப்ள, வேணுங்கறதை மாசக் கடைசிக்குள்ள எடுத்துக்க. மிச்சத்தை காயலாங்கடைக்குப் போட்டுருவேன்"னு சொல்லிட்டார். ஒரு கிலோ டிஸ்க்குக்கு எவ்வளவு தருவாங்கன்னு விசாரிச்சும் வச்சிருக்கார்.

அந்த ஏழு பெட்டியில ஒண்ணு மேல மார்க்கர்ல "பேய் + கொலை"னு எழுதியிருந்துச்சு. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பத்தினது. முக்கியமா அதுல மேலாக இருந்த ஒரு படத்தைப் பத்தியும், அந்தப் படம் அந்தத் தட்டுல ஏன் அப்படித் தெரியுதுங்கறதைப் பத்தியும்.

படம் 'நூறாவது நாள்'. வருஷம் 1984. இயக்கம் மணிவண்ணன். ஆமா, நீங்க காமெடி நடிகரா பார்த்த அதே மணிவண்ணன்தான். 'அமைதிப்படை' எடுக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இதை எடுத்தார். விஜயகாந்த், மோகன், நளினி, சத்யராஜ் நடிச்சிருக்காங்க. இசை இளையராஜா. ஹீரோயினுக்கு நடக்காத கொலைகள் கண்ணு முன்னாடி காட்சியா வந்து வந்து போகும். கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரு பெரிய பங்களாவுக்குப் போவாங்க. அங்க ஒரு சுவர் இருக்கும். இதுக்கு மேல சொல்ல மாட்டேன். நாப்பது வருஷப் படத்துக்கு ஸ்பாய்லர் என்னன்னு கேக்கலாம். ஆனா யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு தெரியாம பார்க்கறதுதான் இந்தப் படத்தோட பாதி பலம். இதுல ஒரு நடிகரைப் போட்ட இடம் அவ்வளவு குறும்பானது.

சத்யராஜ் இதுல மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி. பேசவே மாட்டார் கிட்டத்தட்ட. 'கட்டப்பா'வா மட்டும் அவரைத் தெரிஞ்சவங்க இதைப் பார்க்கணும். பெரிய டயலாக் இல்லாம, கத்தாம, சும்மா நின்னே ஒருத்தர் எப்படிப் பயமுறுத்தலாம்னு தெரியும்.

இந்தக் கதை தமிழ்ல பிறந்தது இல்ல. இத்தாலி இயக்குனர் லூசியோ ஃபுல்ச்சி 1977-ல எடுத்த படத்துலேர்ந்து வந்தது. அந்தப் படத்தோட இத்தாலியத் தலைப்புக்கு 'கருப்பில் ஏழு சுரங்கள்'னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'தி சைக்கிக்'னு வந்துச்சு. தமிழ்லேர்ந்து இந்திக்குப் போய் 1991-ல மாதுரி தீட்சித் நடிச்சு '100 டேஸ்' ஆச்சு. இத்தாலிலேர்ந்து கோடம்பாக்கம், கோடம்பாக்கத்துலேர்ந்து பம்பாய். ஒரு சுவத்துக்குள்ள இருந்த எலும்புக்கூடு போன தூரம் அது.

இத்தாலியில இந்த மாதிரிக் கொலைப் படங்களுக்கு 'ஜாலோ'னு பேர். ஜாலோன்னா அவங்க மொழியில மஞ்சள். மொண்டடோரின்னு ஒரு பதிப்பகம் 1929-லேர்ந்து மஞ்சள் அட்டை போட்டு மலிவு விலை துப்பறியும் நாவல் விட்டாங்க, அதுலேர்ந்து ஒட்டிக்கிட்ட பேர். நமக்கு இது புரியறதுக்குக் கஷ்டமே இல்ல. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில கிளிப் போட்டுத் தொங்கின ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் மாத நாவல்களை யோசிச்சுக்கோங்க. அந்தச் சாணித்தாள் நாவலுக்கு ஒரு கலர் பேர் வச்சிருந்தா, அதான் ஜாலோ.

ஜாலோவோட அமெரிக்கத் தம்பிதான் ஸ்லாஷர். ஒரு இடம், சில பேரு, ஒரு கத்தி, ஒவ்வொருத்தரா குறைவாங்க. ஜான் கார்பென்டரோட 'ஹாலோவீன்' இந்த வகைக்கு ஒரு அச்சு மாதிரி. 1978 அக்டோபர்ல ரிலீஸ். அதே 1978 அக்டோபர்ல இங்க பாரதிராஜாவோட 'சிகப்பு ரோஜாக்கள்' ரிலீஸ். ரெண்டு பேரும் ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்திருக்க வாய்ப்பே இல்ல. 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்'னு கிராமத்தைக் காட்டின மனுஷன், கமலைக் கொலைகாரனாக்கி, ரோஜாத் தோட்டத்துக்கடியில பொணத்தைப் புதைச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு பாலுமகேந்திரா 'மூடுபனி' எடுத்தார். பிரதாப் போத்தன் கொலைகாரன், இளையராஜாவுக்கு அது 100-ஆவது படம். இந்த வரிசையிலதான் 'நூறாவது நாள்' வருது. இதுல 'நூறாவது நாள்' கொஞ்சம் கரடுமுரடு. ஆனா என்னைக் கேட்டா பயம் அதுலதான் அதிகம்.

இந்த வகைப் படத்தை ஏன் காசில்லாதவங்க விரும்பி எடுக்கறாங்கங்கறது ஒரு நல்ல எஞ்சினியரிங் கேள்வி. 'ஹாலோவீன்' பட்ஜெட் மூணு லட்சத்துச் சொச்சம் டாலர்தான். கொலைகாரனோட முகமூடி, ரெண்டு டாலருக்கும் கம்மியா கடையில வாங்கின 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கர்க் முகமூடி. வெள்ளை பெயின்ட் அடிச்சு, கண் ஓட்டையைப் பெருசாக்கிக்கிட்டாங்க. செட் வேண்டாம், ஒரு வீடு போதும். லைட் நிறைய வேண்டாம், இருட்டுதானே கதை. கொலைகாரன் கண்ணால கேமரா நகர்ந்தா அந்த ஷாட்ல நடிகரே வேண்டாம். மிச்ச வேலையை இசை செஞ்சிரும். இளையராஜா சும்மா ஒரு வயலினை இழுத்து விட்டார்னா அதுக்கு ஆகுற செலவு, ஒரு கார் கவுந்து எரியுற சீனோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல.

ஆக, இருட்டு மலிவு. அதான் இந்தப் படங்களோட அஸ்திவாரம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா விசிடிக்கு வந்தா இது அப்படியே தலைகீழா மாறும்.

28 ரூபாய் வந்த கதை

மாமா சொன்னது: "அப்பல்லாம் ஒரிஜினல் விசிடி நூறு ரூபா. எவன் வாங்குவான்? முப்பது ரூபாய்க்குத் திருட்டு சிடி கிடைக்குது. நாங்களும் வாடகைக்குத்தான் விட்டோம், பத்து ரூபா ஒரு நாளைக்கு." 2004-ல தமிழ்நாட்டுல திருட்டு விசிடி விக்கறவங்களையும் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அது ஒரு பக்கம் பயத்தைக் கிளப்புச்சு. ஆனா ஆட்டத்தை மாத்தினது சட்டம் இல்ல, விலை.

மோசர் பேர்னு ஒரு இந்தியக் கம்பெனி. ஃப்ளாப்பி, வெத்து சிடி எல்லாம் செஞ்சு உலகம் பூரா வித்துக்கிட்டு இருந்தவங்க. ஒரு டிஸ்க் அடிக்கறதுக்கு என்ன செலவாகும்னு அவங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க கிடையாது. 2007 வாக்குல பழைய படங்களோட உரிமையை மூட்டை மூட்டையா வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு இறக்கினாங்க. திருட்டு சிடி விலைக்கு ஒரிஜினல்! பிளாஸ்டிக் டப்பா கிடையாது, ஒரு காகித உறை, அவ்வளவுதான். மளிகைக் கடை, மருந்துக் கடையிலகூடத் தொங்கவிட்டாங்க.

நேரமும் சரியா அமைஞ்சுது. 2006 செப்டம்பர்ல இலவச கலர் டிவி திட்டம் ஆரம்பிச்சுது. கடலூர், சிதம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு 14 இன்ச் டிவி. அதுக்குப் பக்கத்துல ஆயிரம் ரூபாய் சைனா விசிடி பிளேயர். உங்க வீட்டுலயும் இருந்திருக்கும். மேல ஒரு பூ போட்ட துணி போர்த்தி, அதுக்கு மேல ஒரு தலையாட்டி பொம்மை. அந்த டிவிக்குத் தீனி வேணும். புதுப்பட உரிமை விலை ஜாஸ்தி. பழைய, யாரும் கேக்காத, சின்னப் பட்ஜெட் படம்னா உரிமை சல்லிசு. அதனாலதான் தியேட்டர்லேர்ந்து எப்பவோ காணாமப் போன கொலைப் படம், பேய்ப் படம் எல்லாம் திடீர்னு கடலூர் ஓ.டி. பெட்டிக்கடையில உயிரோட எழுந்து வந்துச்சு. பேய்ப் படத்துக்குப் பொருத்தமான மறுபிறவிதான்.

மாமா பெட்டியில 2003-ல வந்த 'விசில்' இருக்கு. ஜேடி-ஜெர்ரி இயக்கினது. காலேஜ், கொலை, மாணவர்கள்னு முழு ஸ்லாஷர். 'அழகிய அசுரா' பாட்டு தெரியாத ஆள் நம்ம கேம்பஸ்ல உண்டா? இமான் இசை. அது இந்தப் படத்துப் பாட்டுதான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு எஃப்.எம்.ல உயிரோட இருக்கு, படம் அட்டைப்பெட்டியில இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம்

அந்தப் பழைய லேப்டாப்ல 'நூறாவது நாள்' முதல் டிஸ்க்கைப் போட்டேன். பகல் காட்சி எல்லாம் ஓரளவு பரவாயில்ல. ராத்திரி வந்துச்சு. நளினி இருட்டுல நடக்கறாங்க. பின்னாடி சுவர் முழுக்க சதுரம் சதுரமா, டைல்ஸ் ஒட்டின மாதிரி. சத்யராஜ் எங்கேர்ந்து வர்றார்னு பார்க்கறதுக்குப் பதிலா, எந்தச் சதுரத்துலேர்ந்து வர்றார்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் சிரிச்சான். "இது ஹாரர் இல்லடா, மைன்கிராஃப்ட்."

ஏன் அப்படி?

விசிடி 1993-ல வந்த தரம். எம்பெக்-1 முறை. நம்ம ஊரு பால் முறைக்குப் படத்தோட அளவு 352 × 288 புள்ளி, விநாடிக்கு 25 ஃப்ரேம். படத்துக்கு ஒதுக்கினது விநாடிக்குச் சுமார் 1150 கிலோபிட், ஒலிக்கு 224. இந்த எண் மாறவே மாறாது. நாற்காலியில சும்மா உக்காந்து பேசுற சீனுக்கும் அதே 1150, கத்தியோட துரத்துற சீனுக்கும் அதே 1150.

எம்பெக் படத்தை 16 × 16 புள்ளிச் சதுரங்களா வெட்டும். குறுக்க 22, நெடுக்க 18, மொத்தம் 396 சதுரம். விநாடிக்கு 25 ஃப்ரேம்னா 9900 சதுரம். 11,50,000 பிட்டை 9900-ஆல வகுங்க. ஒரு சதுரத்துக்கு 116 பிட் கிடைக்கும். அமுக்காம வச்சா ஒரு சதுரத்துக்கு எவ்வளவு வேணும்? வெளிச்சத்துக்கு 256 எண், நிறத்துக்கு 128 எண், ஒவ்வொண்ணும் 8 பிட், மொத்தம் 3072 பிட். 3072 பிட் கேக்கற இடத்துல 116 குடுத்து சமாளிங்கறோம். 26-ல ஒரு பங்கு. மெஸ்ல 26 பேர் சாப்பாட்டை ஒருத்தர் அளவுல சமைச்சுப் பரிமாறச் சொல்ற மாதிரி.

எப்படிச் சமாளிக்குது? ஒவ்வொரு 8 × 8 கட்டத்தையும் டிசிடின்னு ஒரு கணக்கு மூலமா மாத்தும். நாலாவது செமஸ்டர்ல சிக்னல் பேப்பர்ல படிச்ச ஃபூரியேவோட பங்காளி இது. 64 புள்ளி, 64 எண்ணா மாறும். முதல் எண் அந்தக் கட்டத்தோட சராசரி வெளிச்சம். மத்த 63-ம் உள்ள இருக்கற மேடு பள்ளம், அதாவது நுணுக்கம். அப்புறம் ஒவ்வொண்ணையும் ஒரு எண்ணால வகுத்து, தசமத்தை வெட்டிடும். பெரிய எண் தப்பிக்கும். சின்ன எண் பூஜ்யமாகும். பூஜ்யத்துக்கு இடம் தேவையில்ல, அதான் சேமிப்பு.

பகல் வெளிச்சத்துல ஒரு முகம், அதுக்குப் பக்கத்துல கருப்புத் தலைமுடி. வித்தியாசம் பெருசு, எண்ணும் பெருசு, தப்பிச்சுக்கும். இருட்டுச் சுவத்துல ஒரு புள்ளி 18, பக்கத்துப் புள்ளி 19, அதுக்குப் பக்கத்துல 21. இந்த ஒண்ணு ரெண்டு வித்தியாசத்துலதான் "அங்க யாரோ நிக்கறாங்களோ?"ங்கற சந்தேகமே இருக்கு. கணக்குல அது 7-னு வருதுன்னு வைங்க. 16-ஆல வகுத்தா பூஜ்யம். ஆள் காலி. மிஞ்சறது சராசரி மட்டும். அந்தக் கட்டம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். பக்கத்துக் கட்டத்துக்கு வேற சராசரி, வேற சாம்பல். நடுவுல கோடு. அதான் டைல்ஸ்.

இதோட, 1980-கள்ல வேகமான ஃபிலிம்ல இருட்டுல எடுத்தா பொரிப்பொரியா கிரெய்ன் வரும். கிரெய்ன்னா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் புதுசா மாறுற இரைச்சல். முந்தின ஃப்ரேம்லேர்ந்து எது மாறலையோ அதைத் திரும்ப எழுதாம விடறதுதான் எம்பெக்கோட முக்கியமான தந்திரம். கிரெய்ன் வந்தா எல்லாமே மாறுது. பத்தாததுக்கு, கத்தி ஓங்கற நேரத்துல படபடன்னு கட். ஒவ்வொரு கட்டுக்கும் முழுப் படத்தையும் புதுசா எழுதணும். இருட்டு, கிரெய்ன், வேகமான கட் மூணும் சேர்ந்து, கொலைகாரன் வெளிய வர்ற அந்த ஒரு விநாடியிலதான் பிட்டுக்குப் பஞ்சம் உச்சத்துல இருக்கும். படம் எடுக்கும்போது மலிவா இருந்த அதே இருட்டு, டிஸ்க்குல போடும்போதுதான் ரொம்பக் காஸ்ட்லி.

அப்போ 2007-ல இதைப் பார்த்தவங்களுக்கு ஏன் உறுத்தலை? மாமா அடிச்சுச் சொல்றார், "எங்க டிவியில கண்ணாடி மாதிரி இருந்துச்சு." பொய் இல்ல. 14 இன்ச் பெட்டி டிவி, மஞ்சள் ஒயர் கனெக்ஷன். அந்த ஒயரும் பிக்சர் டியூபும் சேர்ந்தே படத்தை லேசா கலைச்சு, சதுர விளிம்பை மழுப்பிடும். நம்ம லேப்டாப் 1920 × 1080. விசிடியோட ஒரு புள்ளியை நம்ம ஸ்கிரீன்ல 20 புள்ளியா இழுத்துக் காட்டறோம். நாம பார்க்கறது மாமா பார்த்த படமே இல்ல.

சினிமாஸ்கோப் படமா இருந்தா இன்னொரு கொடுமை. 2.35-க்கு 1 அகலப் படத்தை 4-க்கு 3 டிவிக்கு நிரப்பணும்னா ரெண்டு ஓரத்தையும் வெட்டணும். வெட்டினா மிஞ்சறது 57 சதவீதம். குடும்பப் படத்துல ஓரத்துல ஒரு சித்தப்பா போவார், போகட்டும். கொலைப் படத்துல கொலைகாரன் நிக்கறதே ஓரத்துலதான்! எட்டிப் பார்க்க வேண்டிய ஆளை டிஸ்க் கம்பெனியே கொன்னுடும்.

காதுக்கும் ஒண்ணு. சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம், பால் டிவி 25. மாத்தும்போது பெரும்பாலும் சும்மா வேகமா ஓட்டிடுவாங்க. 120 நிமிஷப் படம் 115 நிமிஷம் 12 விநாடியில முடிஞ்சிரும். சுருதியும் அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஏறும். இசைக்குழுவுல கீபோர்டு வாசிக்கற நம்ம ஜூனியர்கிட்ட விசிடி ஒலியைப் போட்டுக் காட்டினேன். "சார், இது எந்தக் கட்டையிலயும் உக்கார மாட்டேங்குதே"ன்னான். அவன் மேல தப்பில்ல.

மூணு படம் ஒரே டிவிடியில

"சரி, டிவிடி நல்லாத்தானே இருக்கும்?"னு கேப்பீங்க. இங்கதான் எனக்கே ஆச்சரியம். பெட்டியில பாதி, '3 இன் 1' டிவிடி. மூணு கொலைப் படம் ஒரே தட்டுல.

ஒரு அடுக்கு டிவிடி 4.7 ஜி.பி. அதாவது 37.6 ஜிகாபிட். மூணு படம், ஒவ்வொண்ணும் ரெண்டேகால் மணி நேரம்னா மொத்தம் 24,300 விநாடி. வகுத்தா விநாடிக்குச் சுமார் 1.55 மெகாபிட், ஒலி உள்பட. விசிடிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதானே! ஆனா டிவிடியோட படம் 720 × 576, விசிடியைவிட நாலு மடங்குக்கும் மேல புள்ளி. விசிடியில ஒரு புள்ளிக்கு 0.45 பிட் கிடைச்சுதுன்னா, இந்த மூணு-இன்-ஒண்ணுல 0.13. உறையில "டிஜிட்டல் தரம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. டிஜிட்டல்தான், பொய் சொல்லலை. தரம் எவ்வளவுன்னுதான் சொல்லலை.

என் பெட்டியில சில கொலைப் படங்களுக்கு விசிடி, மூணு-இன்-ஒண்ணு டிவிடி ரெண்டும் இருக்கு. பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பார்த்தேன். ராத்திரிக் காட்சியில விசிடி ஜெயிக்குது.

விசிடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒரு தட்டுல 74-லேர்ந்து 80 நிமிஷம்தான் பிடிக்கும். அதனால படம் ரெண்டு டிஸ்க். முதல் டிஸ்க் முடிஞ்சதும் யாராவது எழுந்து போய் மாத்தணும். கொலைப் படத்துல, ராத்திரி, நடு ஹால்ல, டிவி வெளிச்சம் மட்டும் நீலமா இருக்கும்போது யார் எழுந்து போறது? எங்க வீட்டுல அந்த வேலை எங்க சித்தி தலையிலதான் விழும். டிஸ்க்கை மாத்திட்டு ஓடி வந்து போர்வைக்குள்ள புகுந்துக்குவாங்க. எந்த ஓடிடியிலயும் இந்த அனுபவம் கிடையாது.

இப்ப அவசரம் எதுக்கு

'நூறாவது நாள்' காணாமப் போகாது. நாலு இடத்துல கிடைக்கும். என் கவலை அந்தப் பெட்டியோட அடியில இருக்கற படங்கள். பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. போஸ்டர்ல இருக்கற முகம்கூடத் தெரியலை. தேடிப் பார்த்தா ஒரு பாட்டு கிடைக்குது, இல்ல அதுவும் கிடைக்கறதில்ல. தமிழ்ல முதல் பேசும் படம், 1931-ல வந்த 'காளிதாஸ்', இன்னைக்கு ஒரு பிரதிகூட இல்ல. முதல் படத்துக்கே அந்தக் கதின்னா, பன்னிரண்டு லட்சம் பேர் திட்டின ஒரு கொலைப் படத்தோட நெகட்டிவை எவர் குளிர்பெட்டியில வச்சிருக்கப் போறார்? அந்த 28 ரூபாய்த் தட்டு விட்டா வேற வழி இருக்குமான்னே சந்தேகம். தட்டு விட்ட கம்பெனியும் இப்ப இல்ல. மோசர் பேரைக் கலைக்கச் சொல்லி 2018-ல கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டாச்சு.

தட்டும் சாகும். சிடி 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட். அதுக்கு மேல படிஞ்சிருக்கற அலுமினியப் படலம்தான் லேசரைத் திருப்பி அனுப்புது. அதுக்கு மேல சில மைக்ரான் அளவுல ஒரு வார்னிஷ், அதுக்கு மேல நளினி படம். பளபளக்கற அடிப்பக்கத்தைத்தான் நாம பொத்திப் பொத்திப் பாதுகாக்கறோம். உண்மையில ஆபத்து படம் போட்ட மேல்பக்கம். அங்க ஒரு கீறல் ஆழமா விழுந்தா அலுமினியமே போச்சு. டிவிடியில ரெண்டு 0.6 மில்லிமீட்டர் தகடு ஒட்டி நடுவுல படலம் இருக்கு, அது கொஞ்சம் பரவாயில்ல.

அலுமினியத்துக்கு உப்புக்காத்து எதிரி. கடலூர் ஓ.டி.யில உப்புக்காத்துக்குப் பஞ்சமா? 2011 டிசம்பர் 30-ல தானே புயல், மாமா கடைக் கூரை பாதி போச்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்ல. அப்புறம் 2015 மழை, கீழ் ரெண்டு பெட்டிக்குள்ள தண்ணி. அதுல இருந்த டிஸ்க்குகளை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். ஓரத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா வெளிச்சம். நட்சத்திரம் மாதிரி அழகாத்தான் இருக்கு. ஒவ்வொரு நட்சத்திரமும் கொஞ்சம் படம்.

இதுல விசிடிக்கு ஒரு பிறவிக் குறை. சாதாரண டேட்டா சிடியில ஒரு செக்டாருக்கு 2048 பைட் தகவல், 276 பைட் பிழை திருத்த. விசிடி அந்த 276-ஐயும் பறிச்சு, படத்துக்கே குடுத்துடுச்சு. 2324 பைட். அதனாலதான் 700 எம்.பி. சிடியில 800 எம்.பி. படம் ஏறுது. லாபம் தெரியுது, நஷ்டம் இருபது வருஷம் கழிச்சுத் தெரியுது. அடித்தளத்துல இன்னொரு பிழை திருத்தம் இருக்கு, அது தடத்து வழியா சுமார் 2.5 மில்லிமீட்டர் கீறல் வரைக்கும் தாங்கும். அதைத் தாண்டினா அவ்வளவுதான்.

உங்க வீட்டு அலமாரியிலயும் இப்படி டிஸ்க் இருந்தா, நான் செய்யறதைச் சொல்றேன். முதல்ல சாதாரணத் தண்ணியில கழுவி, மெல்லிய பருத்தித் துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க. வட்டமா துடைக்காதீங்க, வட்டமா ஒரு கீறல் விழுந்தா அது ஒரே தடத்து வழியா போகும், 2.5 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிடும். குறுக்க விழற கீறல் ஒவ்வொரு தடத்தையும் கொஞ்சமாத்தான் தொடும். அப்புறம், 'எம்பெகேவி' ஃபோல்டர்ல இருக்கற டாட் ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டா, நடுவுல எர்ரர் வந்து மொத்தமும் நின்னுரும். லினக்ஸ்ல 'விசிடி இமேஜர்' தொகுப்புல 'விசிடிஎக்ஸ்ரிப்'னு ஒண்ணு இருக்கு, அதை வச்சு எடுங்க. முடிஞ்சதும் செக்சம் போட்டு வச்சுக்கோங்க. ஒரு வார்த்தை: படத்தோட உரிமை வெளியான வருஷத்துக்கப்புறம் 60 வருஷம். 1984 படம்னா 2044 முடியுற வரைக்கும். எடுத்ததை நெட்ல ஏத்தி மாட்டிக்காதீங்க. நானும் ஏத்தப் போறதில்ல.

டிரைவ் வாங்க சிதம்பரம் மேலவீதியில ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "டிவிடி டிரைவா? எதுக்கு தம்பி?"னு கேட்டார். சொன்னேன். உள்ள போய்த் தேடி, தூசி தட்டி ஒண்ணு எடுத்துட்டு வந்தார். பாதி விலைதான் வாங்கினார். 'விசில்' கிடைச்சா ஒரு காப்பி குடுன்னார். உரிமைக் கதையை அவர்கிட்டயும் சொல்ல வேண்டியதாப் போச்சு. கடைக்கே டிஸ்க்கைக் கொண்டு வந்து பார்க்கலாம்னு முடிவாச்சு.

இப்ப நிலவரம்: "பேய் + கொலை" பெட்டியில 83 டிஸ்க். 51 முழுசா படிச்சாச்சு. 14 செத்துப் போச்சு. மிச்சம் இனிமேதான். 'நூறாவது நாள்' முதல் டிஸ்க் சுத்தம். ரெண்டாவது டிஸ்க் 41-ஆவது நிமிஷத்துல நிக்குது. ஒரே அச்சுல அடிச்ச டிஸ்க்னா பிட்டுக்குப் பிட்டு ஒண்ணுதான். உங்க டிஸ்க்குல கீறல் வேற இடத்துல இருந்தா, ரெண்டையும் சேர்த்து ஒரு முழுப் பிரதி எடுத்துரலாம். பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், பி.முட்லூர், திருப்பாப்புலியூர், எந்த ஊருப் பரணா இருந்தாலும் சரி, ஊருக்குப் போகும்போது ஒரு எட்டு பாருங்க. உறை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல.

மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. மிச்ச ஆறு பெட்டியில என்ன இருக்குன்னு இன்னும் திறந்துகூடப் பார்க்கலை. ஒண்ணு மேல மட்டும் மாமா கையெழுத்துல "யாருக்கும் குடுக்காதே"ன்னு எழுதியிருக்கு. என்ன மாமா இதுன்னு கேட்டேன். "அது ராமராஜன்டா"ன்னார்.